ஃபிளேம்ஸ் மேல் டர்பன்காரர்களுக்கு இன்னும் ஏன் இவ்வளவு பிரியம்?

கேள்வி: "சென்னையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தமிழ் அங்கிளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும். தி ஃபிளேம்ஸ் என்ற பழைய ராக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார், நேரம் போவதே தெரிவதில்லை. யார் இவர்கள்? தமிழர்களா? எப்போதோ கலைந்துபோன குழு மேல் இன்னும் இப்படிப் பாசம் வைக்கக் காரணம் என்ன?"

பதில்:

தமிழர்கள் இல்லை. ஸ்டீவ் ஃபட்டார், பிரதர் ஃபட்டார், ரிக்கி ஃபட்டார் மூவரும் டர்பனில் வளர்ந்த அண்ணன் தம்பிகள், மலாய் வழி வந்த குடும்பம். பிரதர் என்பது கூப்பிடும் பெயர், சொந்தப் பெயர் எட்ரீஸ். நாலாவது ஆள் பிளாண்டி சாப்ளின், அவரும் டர்பன் பையன்தான். 1963 வாக்கில் ஸ்டீவ் தொடங்கி வைத்தார், நடுவில் சிலர் வந்தார்கள், சிலர் போனார்கள். உங்கள் அங்கிள் மனசில் இருப்பது 1967, 68இல் நிலைத்த அந்த நால்வர்: ஸ்டீவ் கிட்டார், பிரதர் பேஸ், ரிக்கி டிரம்ஸ், பிளாண்டி கிட்டாரும் பாட்டும். 1968இல் ஸ்டீவுக்கு 25 வயது. ரிக்கிக்கும் பிளாண்டிக்கும் 16, 17தான். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கிவிட்டார்கள்.

நான் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள். மாமனார் ஃபிளேம்ஸ் பைத்தியம், கணவர் பழைய இசைத்தட்டுப் பைத்தியம். பழைய எல்.பி.க்களைக் கழுவித் துடைத்துக் கணினியில் ஏற்றித் தரும் வேலையை நானும் அவரும் சேர்ந்து செய்கிறோம். ஆகவே இந்தப் பாசத்தை நான் மனிதர்களிடம் மட்டும் பார்க்கவில்லை, தட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ் அங்கிளுக்கு அவர்கள் எப்படிச் சொந்தக்காரர்கள் ஆனார்கள் என்பதற்கு ஊர்க் கதை கொஞ்சம் வேண்டும். 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நிறம் பார்த்துப் பிரித்தது. 1953இன் தனி வசதிச் சட்டம் பெஞ்சு, பஸ், கடற்கரை எல்லாவற்றையும் பிரித்தது. 1965இல் இன்னொரு பிரகடனம் வந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெவ்வேறு இனத்தார் ஒரே அரங்கில் உட்கார்ந்து கச்சேரி கேட்கவும் கூடாது என்றது. வெள்ளைக்காரர்களின் பயாஸ்கோப்புக்குள், அதாவது சினிமாக் கொட்டகைக்குள், நம் ஆட்களுக்கு இடமில்லை. அதனால்தான் கிரே ஸ்ட்ரீட் வட்டாரம் (இன்றைக்கு டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) அப்படிச் செழித்தது. இந்தியர்கள் சொந்தக் காசில் கட்டிய ஷா ஜஹான், அவலோன் மாதிரி அரங்குகள், ஓட்டல்கள், துணிக்கடைகள், இசைத்தட்டுக் கடைகள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் சனிக்கிழமை சாயங்காலம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போக ஊரில் இருந்த ஒரே இடம் அதுதான் என்று மாமனார் சொல்வார். ஃபிளேம்ஸ் வளர்ந்ததும் அந்த டர்பனில்தான். இந்தியன், மலாய், கலர்ட் (கலப்பினத்தார்) என்று அரசாங்கம் ஏட்டில் தனித்தனிப் பக்கம் போட்டிருந்தாலும், வாசலில் தடுத்து நிறுத்துகிறவனுக்கு எல்லாரும் ஒரே ரகம்தான். தமிழ்ப் பையன்களுக்கு ஃபிளேம்ஸ் 'நம்ம ஆளுங்க' ஆனது இப்படி.

இதை உடனே பெரிய ஒற்றுமைக் கதையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே வீட்டில் பெண்பிள்ளை ஒரு கலர்ட் பையனோடு நின்று பேசினால் அப்பன் பெல்ட்டைக் கழற்றியிருப்பான். பிளாண்டியின் குரலுக்கு உருகியவர்களில் பாதிப்பேர் அவரை மருமகனாக ஏற்றிருக்க மாட்டார்கள். மாமனாரிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அது வேற கேஸ்மா" என்றார். பாசம் பெரியதுதான், ஆனால் அது நின்ற இடமும் எனக்குத் தெரியும்.

இனி பாட்டுக்கு வருவோம். குழுவின் பெயரைச் சொன்னாலே இங்கே எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்'. அது அவர்கள் சொந்தப் பாட்டு கிடையாது. 1958இல் அமெரிக்காவில் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் பாடியது. மெதுவாக நகரும் பாட்டு. திரும்பத் திரும்ப வருகிற பல்லவி என்று அதில் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் பிடி கிடைக்காது. ஏக்கம் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. ஃபிளேம்ஸ் அதை 1968இல் இங்கே பதிவு செய்தார்கள். அதே வருடம் வந்த 'சோல்ஃபயர்' எல்.பி.யிலும் இருக்கிறது. மூலப் பாட்டைக் கேட்டவர்கள் இந்த ஊரில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? டர்பனுக்கு அது ஃபிளேம்ஸ் பாட்டு, அவ்வளவுதான். நானே பட்லர் பாடியதைப் பின்னால்தான் கேட்டேன். அருமையாகப் பாடியிருக்கிறார். ஆனாலும் என் காது ரிக்கியின் டிரம்ஸ் எப்போது வரும் என்றே காத்திருந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் பையன்கள் பெரும்பாலும் பாடியது அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளும் பிரிட்டிஷ் பாட்டுகளும்தான். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு: சொந்தச் சரக்கு இல்லை, காப்பி அடித்தார்கள் என்று. எனக்கு அந்த வாதம் ஒப்பாது. வெளிநாட்டுக் கலைஞர்கள் வருவதே அரிது. பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களைப் போகாதே என்றது. வந்தவர்களில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு, பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாடமாட்டேன் என்றதற்காக 1964இல் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். இந்த நிலைமையில் ஒரு பாட்டை நேரில், நல்ல ஒலியில், நம் கண்ணெதிரே யாராவது வாசித்துக் காட்டினால் அது கடவுள் கொடுத்த மாதிரி. அதையும் உள்ளூர்ப் பையன்கள், அசலுக்குச் சமமாக வாசித்தார்கள்.

வெள்ளைக்காரப் பாடகி உனா வள்ளிக்குப் பின்னால் இவர்கள் வாசித்துப் பதிவு செய்ததும் 1968இல்தான். (பெயரைப் பார்த்து நம்ம ஊர் வள்ளி என்று நானும் ஆசைப்பட்டேன்.) மேடையில் கலந்து நிற்க ஆயிரம் தடை, ஸ்டூடியோவுக்குள் ஒலிவாங்கிக்கு அந்தக் கவலை இல்லை.

வானொலி விஷயம் இன்னும் சுவாரசியம். எஸ்.ஏ.பி.சி. அரசாங்க ஒலிபரப்பு. ஜான் லென்னன் இயேசுவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் பாட்டு மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். 1971இல் தடையை எடுத்தபோதும் லென்னன் தனியாகப் பாடியவற்றுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அவர்கள் நூலகத்தில் ஒரு பழக்கம் உண்டு: ஒலிபரப்பக் கூடாது என்று முடிவு செய்த பாட்டின் வரிப்பள்ளங்கள் மேல் கூர்மையான கருவியால் கீறிவிடுவார்கள். அறிவிப்பாளர் கை தவறி ஊசியை வைத்தாலும் பாட்டு ஓடாது. அதனால் இளவட்டங்கள் ரேடியோவை மொசாம்பிக் பக்கம் திருப்பினார்கள். லோரென்சோ மார்கேஸிலிருந்து சிற்றலையில் வரும் எல்.எம். ரேடியோ. சத்தம் அலை மாதிரி ஏறும், இறங்கும், நடுவில் கரகரக்கும். அது 1975 அக்டோபர் வரை ஓடியது. தொலைக்காட்சியோ? அதைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். தங்கமும் வைரமும் தோண்டி எடுக்கிற இந்த நாட்டுக்கு 1976 ஜனவரியில்தான் டி.வி. வந்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், டி.வி. வந்தபோது ஃபிளேம்ஸ் இல்லை. உச்சத்தில் இருந்தபோது இந்த நாட்டுத் தொலைக்காட்சி அவர்களைப் படம் பிடித்து வைக்க வழியே இருக்கவில்லை. வெள்ளையர் அல்லாத ஒரு குழுவைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் அக்கறையும் கிடையாது. மற்ற நாடுகளில் ஒரு பழைய குழுவை நிறுவனங்கள் காப்பாற்றும், மறுபதிப்புப் போடும், விருது கொடுக்கும், ஆவணப்படம் எடுக்கும். இங்கே அந்த வேலை முழுக்க ரசிகன் தலையில் விழுந்தது. நாம் விட்டால் போய்விடும் என்று தெரிந்ததால்தான் இந்த ஊர்க்காரர்கள் பிடியை விடவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்கள் அங்கிள் நேரம் போவது தெரியாமல் பேசுகிறார் என்கிறீர்களே, அவர் உங்களுக்குக் கதை சொல்லவில்லை, கணக்கு ஒப்படைக்கிறார்.

தட்டில் பார்த்தேன் என்றேனே, அது இதுதான். இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் 'சோல்ஃபயர்' எல்.பி.யைக் கழுவிக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மற்ற பாட்டுகளின் பட்டை கறுப்பாகப் பளபளக்கும். ஒரே ஒரு பட்டை மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். பள்ளத்தின் சுவரை ஊசி அவ்வளவு தின்றிருக்கிறது. எந்தப் பாட்டு என்று எண்ணிப் பார்க்கவே வேண்டாம். அன்றைக்கு வீட்டுக் கூடத்தில் இருந்தது ரேடியோகிராம், மரப்பெட்டி மாதிரிப் பெரிய சாமான். அதன் ஊசி கனமானது. பார்ட்டியில் ஆட்கள் ஆடும்போது தரை அதிர்ந்து ஊசி தாவும், அதைத் தடுக்க ஊசிக்கையின் மேல் ஐந்து சென்ட் காசை ஒட்டி இன்னும் கனம் ஏற்றுவார்கள். தட்டுக்கு அது சித்திரவதை. அந்தப் பாட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் கொரகொரப்பை முழுக்க எடுத்துவிடலாம், அதற்கு மென்பொருள் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் வாங்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள், "சவுண்டு சரியில்லையே" என்கிறார்கள். இப்போது பாதிதான் எடுக்கிறோம்.

தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் இன்னொரு கதை. தட்டு கைமாறாமல் இருக்க, அதில் பால்பாயிண்ட் பேனாவால் சொந்தக்காரர் பெயரும் விலாசமும் எழுதியிருக்கும். எங்களிடம் வந்த ஒன்றில் கிளேர்வுட் என்ற பழைய குடியிருப்பின் விலாசத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த் எண் எழுதியிருந்தது. சாட்ஸ்வொர்த்தில் அப்போது தெருவுக்குப் பெயரே வைக்கவில்லை, யூனிட் எண், ரோட்டு எண், வீட்டு எண். மாமரமும் கோயிலும் கறிவேப்பிலைச் செடியும் வைத்து வாழ்ந்த இடத்திலிருந்து, அந்தக் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி ஆட்களைப் பெயர்த்து, எண் போட்ட வீட்டில் வைத்தார்கள். அந்தக் குடும்பம் லாரியில் சாமான் ஏற்றும்போது இந்தத் தட்டையும் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறது. எதெதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, குழு என்ன ஆயிற்று? இங்கே மேலே போக வழியில்லை என்று லண்டனுக்குப் போனார்கள். 1969இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் அங்கே ஒரு கிளப்பில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டு அசந்துபோய், அமெரிக்காவுக்கு வாருங்கள் என்று அழைத்தார். லாஸ் ஏஞ்சலஸில் பீச் பாய்ஸின் சொந்த நிறுவனமான பிரதர் ரெக்கார்ட்ஸுக்காக, கார்ல் தயாரிப்பில், 1970இல் ஒரு எல்.பி. வந்தது. ஜேம்ஸ் பிரவுனிடம் ஃபேமஸ் ஃபிளேம்ஸ் என்ற குழு இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று 'தி ஃபிளேம்' என்று பெயரைச் சுருக்கினார்கள். அந்த நிறுவனம் பீச் பாய்ஸ் தவிர வெளியிட்ட ஒரே குழு இதுதான். 'சீ தி லைட்' என்ற பாட்டு அமெரிக்காவின் 100 பாட்டுப் பட்டியலில் 95ஆம் இடம் வரை போனது. அதோடு சரி. இரண்டாவது எல்.பி. வெளிவராமலே குழு கலைந்தது.

இந்த 1970 எல்.பி.யைப் பற்றி எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. கணவரும் அவர் தம்பியும் அதுதான் உச்சம் என்பார்கள். முழுக்கச் சொந்தப் பாட்டு, பீட்டில்ஸ் வாசனை, குரல்கள் அடுக்கிய விதம், கிட்டாரின் கடுமை. வெளிநாட்டில் எழுதுகிறவர்களும் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். மாமனார் அதை முழுசாகக் கேட்டதே இல்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ பாடுற மாதிரி இருக்கு" என்பார். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனாலும் மாமனார் கட்சி என்ன சொல்கிறது என்று புரிகிறது. 1970 தட்டு உலகத்துக்காகச் செய்தது. 'சோல்ஃபயர்' காலத்துப் பாட்டுகள் எதிரே நின்று ஆடிய முகங்களுக்காகப் பாடியவை. முன்னதை ரசிக்க இசை ஞானம் போதும். பின்னதற்கு அந்தச் சனிக்கிழமைகளில் இருந்திருக்க வேண்டும். நான் இல்லை. அதனால் என் வாக்கு செல்லாது என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

1972இல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கலிஃபோர்னியா, கடல், கார், பொன்முடி என்று பாடிப் பெயரெடுத்த வெள்ளைக்காரக் குழு. அதில் டர்பனின் இரண்டு பையன்கள். சொந்த ஊரில் வெள்ளைக்காரனோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியாது. அங்கே அதே குழுவின் உறையில் பெயரும் படமும். 1972இல் வந்த எல்.பி.யில் இரண்டு பாட்டு இவர்கள் இருவரும் எழுதியவை. அதே வருடம் நெதர்லாந்தில் போய்ப் பதிவு செய்து 1973 ஜனவரியில் வெளியான 'ஹாலந்து' எல்.பி.யில் 'செயில் ஆன், செய்லர்' வருகிறதே, அந்தக் குரல் பிளாண்டிதான். முதலில் அதே குழுவின் டென்னிஸ் வில்சன் முயன்றார், கார்ல் முயன்றார், சரிவரவில்லை. பிளாண்டி வந்து பாடிவிட்டுப் போனார். பீச் பாய்ஸ் ரசிகர்களில் எத்தனையோ பேருக்கு இன்றைக்கும் தெரியாது, தாங்கள் உருகிக் கேட்கும் அந்த முரட்டுக் குரல் டர்பன் இருக்கும் நேட்டால் கடற்கரையிலிருந்து போனது என்று. வெளியானபோது பட்டியலில் 79ஆம் இடம்தான், 1975இல் மறுபடி விட்டபோது 49. எண்ணிக்கையில் பெரிசில்லை. பாட்டு நின்றுவிட்டது.

டர்பன் ரசிகர்கள் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்து. மாமனார் வகையறா அன்றைக்குப் பீச் பாய்ஸ் ரசிகர்களே இல்லை, அந்த இசை அவர்களுக்கு வெறும் பாப் இசை. ஆனாலும் கடையில் போய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபட்டார், சாப்ளின் என்ற இரண்டு பெயருக்காகவே வாங்கினார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ரிக்கி பின்னால் அமெரிக்கப் பாடகி போனி ரெய்ட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கிறார், 1989இல் வந்து கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்த 'நிக் ஆஃப் டைம்' உட்பட. பிளாண்டி 1997இலிருந்து சுமார் பத்து வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையில் பின்குரல். இந்த மாதிரித் தட்டுகளில் அட்டையின் முகப்பில் இவர்கள் இல்லை, பின்னால் சின்ன எழுத்தில்தான். இந்த ஊர் ரசிகனுக்கு அந்தச் சின்ன எழுத்துத்தான் தலைப்பு. துனீ சீட்டாடும்போது யாராவது ஸ்டோன்ஸ் பற்றிப் பேசினால் போதும், இன்னொருவர் உடனே, "பின்னாடி பாடுறது யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார், ஆனாலும் சொல்வார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரட்டில்ஸ் சங்கதி. பீட்டில்ஸைக் கிண்டல் செய்து 1978இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, எரிக் ஐடிலும் நீல் இன்னஸும் சேர்ந்து செய்தது. அதில் ஜார்ஜ் ஹாரிசன் சாயலில் வரும் ஸ்டிக் ஓஹாரா, நம்ம ரிக்கி. படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார், அந்தப் பாத்திரத்தின் வேடிக்கையே அதுதான். பீட்டில்ஸ் பாட்டை வானொலியில் வரவிடாமல் கீறிவைத்த நாட்டிலிருந்து போன பையன், பொய் பீட்டிலாக உட்கார்ந்திருக்கிறான். இதை யாராவது கதையாக எழுதினால் மிகைப்படுத்தாதே என்று நானே திருத்தியிருப்பேன்.

ஸ்டீவ் டர்பனுக்குத் திரும்பி வந்துவிட்டார். மூத்தவர், குழுவைத் தொடங்கியவர். வெளிநாட்டு மேடை கிடைத்த தம்பியைப்போல் இல்லாமல், இங்கேயே சின்னச் சின்ன அரங்குகளிலும் உணவகங்களிலும் கிட்டாரோடு உட்கார்ந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார். அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஃபிளேம்ஸ் என்பது தொலைவில் மின்னும் பெயராக மட்டும் இருந்ததில்லை. வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ போய் எதிரே உட்கார்ந்து, "அண்ணா, அந்தப் பாட்டு" என்று கேட்கலாம். 2020 ஜனவரியில் 76 வயதில் அவர் காலமானார். எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வந்தது. உறவா, ஊரா? மாமனாரிடம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு காப்பி போட எழுந்து போனேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறேன். டர்பனில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் ரிக்கியோடு ஒரே வகுப்பு, பிளாண்டிக்கு இவர்தான் முதல் கிட்டார் கொடுத்தார், ஷா ஜஹானில் மேடைக்குப் பின்னால் நின்றார் என்பார்கள். எல்லாரும் சொல்வது உண்மையென்றால் அந்த வகுப்பில் ஆயிரம் பேர் இருந்திருக்க வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். திருப்பித் திருப்பிச் சொல்லி அவர்களுக்கே நடந்ததுபோல் ஆகிவிட்டது. நம் ஊரில் எம்.ஜி.ஆர். கையால் சோறு வாங்கித் தின்றதாகச் சொல்லும் தாத்தாக்களை நீங்கள் பார்த்ததில்லையா?

அடுத்த தலைமுறைக்கு இது போகிறதா என்று கேட்டால், அரைகுறையாக. எங்கள் பிள்ளைகளுக்கு அமாபியானோ என்ற இந்த நாட்டு நடன இசைதான் உயிர். ஆனால் 2022 கடைசியில் பீச் பாய்ஸின் 1972 காலப் பதிவுகளைப் பெட்டித் தொகுப்பாக வெளியிட்டார்கள், அதில் 1972 நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி முழுசாக இருக்கிறது. ரிக்கியின் டிரம்ஸ் முன்னால் தெளிவாகக் கேட்கும். அதைப் போட்டபோது பெரியவன் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, "யாரு டிரம்ஸ்?" என்றான். தாத்தாவுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

கேட்க ஆசை இருந்தால் இப்படிப் போங்கள். முதலில் 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்', இரவில், சத்தம் கூட்டி. பிறகு 'சோல்ஃபயர்' மீதி. அதன்பிறகு 1970 எல்.பி., அங்கே குழு எப்படி மாறியது என்று உங்களுக்கே கேட்கும். கடைசியாக 'செயில் ஆன், செய்லர்', கூடவே கார்னகி ஹால் பதிவு. ஒரே மூச்சில் கேட்காதீர்கள், வாரத்துக்கு ஒன்று போதும். கேட்டுவிட்டு அங்கிளிடம் போனால், எந்தப் பாட்டு உசத்தி என்று வாதம் மட்டும் வேண்டாம். 1970 தட்டு பிடித்திருந்தது என்றால் அதை இரண்டாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் எல்.பி.யை எடுத்துக் கையில் கொடுத்தால் இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தைப் பிடித்து வாங்குங்கள். வரிகள் மேல் விரல் பட்டால் அன்றைக்கு டீ கிடையாது.